ஜமைக்காவில் கஞ்சா குற்றமில்லையா? பயணம் செல்வோரும் பெற்றோரும் அறிய வேண்டியவை

கரீபியன் கடலில் இருக்கும் ஜமைக்காவுக்கு நம்மில் யார் போகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். போகத்தான் செய்கிறார்கள். உல்லாசக் கப்பல்களில் சமையலறையிலும் உணவுக்கூடத்திலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஓச்சோ ரியோஸ், ஃபால்மவுத், மாண்டிகோ பே துறைமுகங்களில் கப்பல் நிற்கும் சில மணி நேரம் கரையில் இறங்குகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் படிக்கும் பிள்ளைகள் கல்லூரி விடுமுறையில் நண்பர்களோடு போகிறார்கள். கரீபியன் தீவுகளில் மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு அது பக்கத்துத் தீவு. கிங்ஸ்டன் நகரின் சபைனா பார்க்கில் கிரிக்கெட் பார்ப்பதற்கென்றே போகிறவர்களும் உண்டு.

இப்படிப் போகும் பிள்ளைகளின் காதில் முதலில் விழுகிற பேச்சு ஒன்று இருக்கிறது. "ஜமைக்காவில் கஞ்சா சட்டப்படி அனுமதி. போலீஸ் கண்டுகொள்ளாது. ஊரே பிடிக்கிறது, நாம் பிடித்தால் என்ன?" என்பதுதான் அது. இதில் உண்மை கொஞ்சம், கேள்விப்பட்ட கதை அதிகம். எங்கே உண்மை முடிகிறது என்பதைத் தெரியாமல் போனவர்களுக்கு அபராதம், சிறை, வேலை இழப்பு, விசா மறுப்பு என்று பல வாசல்கள் திறந்திருக்கின்றன. ஆகவே இதை விவரமாகவே பார்த்துவிடுவோம்.

பெயரே நம் நாட்டிலிருந்து போனது

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. ஜமைக்காவின் சட்டப் புத்தகத்தில் இந்தச் செடிக்கு எழுதப்பட்டிருக்கும் பெயர் "கஞ்சா" என்பதுதான். நாம் சொல்லும் அதே சொல். அது எப்படி அங்கே போனது?

1838இல் ஜமைக்காவில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகத் தொடங்கியதும், ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்தார்கள். 1845 மே 10 அன்று ப்ளண்டெல் என்ற கப்பல் ஓல்ட் ஹார்பர் பே கரையில் முதல் கூட்டத்தை இறக்கியது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் சுமார் 36,000 இந்தியர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். கல்கத்தா வழியாகப் போனவர்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். முஹர்ரம் மாதத்தில் அவர்கள் எடுத்த தாஜியா ஊர்வலம் அங்கே "ஹோசே" என்ற பெயரில் இன்றும் நினைவில் இருக்கிறது. இந்த உழைப்பாளிகளின் மூட்டைகளோடுதான் கஞ்சாவும் அந்தத் தீவுக்குப் போனது. புகைக்கும் குழாயான சிலும் கூட அந்தப் பெயரோடேயே அங்கே நிலைத்துவிட்டது. இன்று ஜமைக்காவில் மே 10 இந்தியப் பாரம்பரிய நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தோட்டத் தொழிலாளர்களிடையே பழக்கம் பரவியதும், 1913இல் ஆங்கிலேய ஆட்சி அதைத் தடை செய்தது. 1948இல் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் வந்தது. ஒரு சுருட்டு வைத்திருந்தாலும் கைது, வழக்கு, ஆயுள் முழுக்கத் துரத்தும் குற்றப் பதிவு என்ற நிலை நூறு ஆண்டுகள் நீடித்தது. இதில் அகப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்து இளைஞர்கள்தாம். ஒருமுறை பதிவு விழுந்துவிட்டால் அரசு வேலை கிடையாது, வெளிநாட்டு விசா கிடையாது.

2001இல் பேராசிரியர் பேரி செவான்ஸ் தலைமையிலான தேசிய கஞ்சா ஆணையம், சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. அறிக்கை பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. 2014 ஆகஸ்டில் மாண்டிகோ பே நகரில் மாரியோ டீன் என்ற இளைஞர் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டுக்காகக் கைது செய்யப்பட்டார். காவல் நிலையக் கொட்டடியில் பலமாகத் தாக்கப்பட்டு, மூன்று நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். நாடே கொதித்தது. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? அந்தத் திருத்தம் சுற்றுலாப் பயணிகள் உல்லாசமாக இருக்கட்டும் என்பதற்காக வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகள் சிறைக்குப் போவதைத் தடுக்க வந்த திருத்தம் அது. இதைப் புரிந்துகொண்டால் அதில் உள்ள நிபந்தனைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதும் புரியும்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

திருத்தச் சட்டம் 2015 ஏப்ரல் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2 அவுன்ஸ், அதாவது சுமார் 56 கிராம் வரை கஞ்சா வைத்திருப்பது கைது செய்யத்தக்க குற்றம் இல்லை. ஆனால் "அனுமதி" என்றும் அர்த்தம் இல்லை. போக்குவரத்து விதியை மீறினால் சீட்டு எழுதிக் கொடுப்பதைப் போல காவலர் அபராதச் சீட்டு கொடுக்கலாம். அபராதம் 500 ஜமைக்க டாலர். அமெரிக்கப் பணத்தில் சுமார் 3 டாலர். 30 நாட்களுக்குள் வரி அலுவலகத்தில் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் குற்றப் பதிவு கிடையாது. கட்டாமல் விட்டால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

18 வயது நிரம்பாதவரிடம் இருந்தால், அபராதத்தோடு தேசிய போதைத் தடுப்பு மன்றத்துக்கு ஆலோசனை பெற அனுப்புவார்கள். பழக்கத்துக்கு அடிமையானவர் போலத் தெரிகிறவருக்கும் அப்படித்தான்.

2 அவுன்ஸைத் தாண்டினால் பழைய சட்டம்தான். கைது, வழக்கு, தண்டனை எல்லாம் உண்டு. உரிமம் இல்லாமல் விற்பது குற்றம். நாட்டுக்குள் கொண்டுவருவதும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதும் குற்றம். அளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. "2 அவுன்ஸ் வரை பரவாயில்லையே, பையில் போட்டுக்கொள்வோம்" என்று விமான நிலையத்துக்குப் போகிறவர் இந்த இடத்தில்தான் தவறுகிறார். கிங்ஸ்டனில் உள்ள நார்மன் மேன்லி விமான நிலையத்திலும் மாண்டிகோ பேயில் உள்ள சாங்ஸ்டர் விமான நிலையத்திலும் அந்தச் சலுகை செல்லாது.

பொது இடத்தில் புகைக்கக் கூடாது. பொது இடத்திலிருந்து 5 மீட்டர் தூரத்துக்குள்ளும் கூடாது. கடற்கரை, சாலை, பேருந்து நிறுத்தம், உணவகம் எல்லாம் இதில் அடங்கும். வணிக நோக்கில் பயன்படாத தனியார் வீடு என்றால் தடை இல்லை. விடுதி அறை அப்படிப்பட்ட வீடு ஆகாது. பல விடுதிகள் தங்கள் சொந்த விதியாகவே புகையைத் தடை செய்து, மீறினால் பெரும் தொகையை அறை வாடகையோடு சேர்த்து வசூலிக்கின்றன.

ஜமைக்கக் குடும்பம் ஒவ்வொன்றும் வீட்டில் 5 செடி வரை வளர்க்கலாம். வேலியோரத்தில் கஞ்சாச் செடி நிற்பதைப் பார்த்துவிட்டுப் "பறித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது" என்று கை நீட்டினால், அது அடுத்தவர் தோட்டத்துத் திருட்டு.

மருத்துவக் காரணத்துக்காக வாங்குவதற்கு ஒரு முறையான வழி இருக்கிறது. கஞ்சா உரிம ஆணையம் என்ற அரசு அமைப்பு, பயிரிடுவோர் முதல் விற்போர் வரை உரிமம் கொடுக்கிறது. உரிமம் பெற்ற கடைகளை அங்கே "ஹெர்ப் ஹவுஸ்" என்கிறார்கள். முதல் கடை 2018இல் செயின்ட் ஆன் மாவட்டத்தின் டிராக்ஸ் ஹால் என்ற ஊரில் திறக்கப்பட்டது. வெளிநாட்டவர் தங்கள் நாட்டு மருத்துவரின் சீட்டைக் காட்டியோ, தங்கள் நோய் பற்றி எழுத்து மூலம் உறுதி கொடுத்தோ அனுமதி பெற்று 2 அவுன்ஸ் வரை வாங்க முடியும். இது நோயாளிக்கான ஏற்பாடு. இதைக் கேளிக்கைக்கான வழியாகப் பலர் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. அதனால் சட்டத்தின் நோக்கம் மாறிவிடாது.

ஜமைக்காவுக்குப் பொருந்துவது மற்றத் தீவுகளுக்குப் பொருந்தும் என்றும் நினைத்துவிட வேண்டாம். டிரினிடாட் - டொபேகோ நாட்டில் 2019 டிசம்பரிலிருந்து 30 கிராம் வரைதான் சலுகை. ஆன்டிகுவா - பார்புடாவில் 2018இலிருந்து 15 கிராம். ஒரே வாரத்தில் நான்கு தீவைத் தொடும் உல்லாசக் கப்பலில் போகிறவருக்கு, ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு சட்டம்.

ரஸ்தாஃபாரிகள்: சுற்றுலாக் காட்சிப் பொருள் இல்லை

ஜமைக்கா என்றதும் சடைமுடி வைத்த மனிதர் கையில் புகைச்சுருட்டோடு இருக்கும் படம்தான் பலருக்கு மனதில் வருகிறது. சட்டைகளிலும் தொப்பிகளிலும் அந்தப் படத்தை அச்சடித்து விற்கிறார்கள். உண்மையில் ஜமைக்க மக்கள்தொகையில் ரஸ்தாஃபாரிகள் ஏறத்தாழ 100க்கு ஒருவர்தான். பெரும்பான்மையோர் தேவாலயம் செல்லும் கிறிஸ்தவர்கள். ஞாயிறன்று குடும்பமாக நல்லுடை அணிந்து தேவாலயத்துக்குப் போகும் அந்த மக்களில் பலருக்குத் தங்கள் நாட்டைக் கஞ்சா நாடு என்று அழைப்பது பிடிப்பதில்லை. பேச்சைத் தொடங்கும்போதே கஞ்சாவைப் பற்றி விசாரிப்பது, நம் ஊருக்கு வந்த வெளிநாட்டவர் வந்த உடனே "இங்கே சாராயம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பது போலத்தான். அங்கே கடைக்குள் நுழைந்தாலும் வழி கேட்டாலும் முதலில் "குட் மார்னிங்", "குட் ஆஃப்டர்நூன்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். ஸலாம் சொல்லிப் பேச்சைத் தொடங்கிப் பழகிய நமக்கு இது சிரமமே இல்லை.

ரஸ்தாஃபாரிகள் 1930களில் உருவானவர்கள். எத்தியோப்பிய அரசர் ஹெய்லி செலாசி 1930 நவம்பரில் முடிசூடியதை ஆப்பிரிக்க மக்களின் விடுதலைக்கான அடையாளமாகக் கண்டவர்கள். லெனார்ட் ஹோவெல் என்பவர் 1940இல் பின்னக்கிள் என்ற இடத்தில் அவர்களுக்கென ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். காவல்துறை அதைத் திரும்பத் திரும்பத் தாக்கிக் கடைசியில் கலைத்தது. 1963இல் கோரல் கார்டன்ஸ் சம்பவத்தை ஒட்டி, குற்றத்தோடு தொடர்பே இல்லாத ரஸ்தாஃபாரிகள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டு அடிக்கப்பட்டார்கள், சடைமுடி வெட்டப்பட்டது. 2017இல்தான் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அரசின் சார்பில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். தோற்றத்தையும் நம்பிக்கையையும் வைத்து ஒரு சிறுபான்மைக் கூட்டத்தை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளியாக்குவது எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர்கள் கஞ்சாவைத் தங்கள் வழிபாட்டின் பகுதியாகக் கருதுகிறார்கள். வட்டமாக அமர்ந்து, பிரார்த்தனை சொல்லி, வேதத்தையும் உலக நடப்பையும் விவாதிக்கும்போது குழாய் கைமாறும். 2015 சட்டம் 18 வயது நிரம்பிய ரஸ்தாஃபாரிகளுக்கு அவர்களது வழிபாட்டு இடங்களில் இதற்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமை அவர்களுடையது. பார்க்கப் போன பயணிக்கு அது ஒட்டிக்கொள்ளாது. ரஸ்தாஃபாரிகளிலும் புகைக்காதவர்கள் இருக்கிறார்கள். சடைமுடி உள்ளவரெல்லாம் விற்பவர் என்று எண்ணி விலை கேட்பது அவமதிப்பு. சடைமுடியைத் தொட்டுப் பார்ப்பதும், கேட்காமல் படம் எடுப்பதும் அப்படியே. அவர்களுடைய கிராமங்களுக்குப் போக விரும்பினால் அழைப்போ வழிகாட்டியோ வேண்டும். உடை அடக்கமாக இருக்க வேண்டும். மது கொண்டுபோகக் கூடாது.

ஒரு சுவையான ஒற்றுமை. ரஸ்தாஃபாரிகள் பன்றி இறைச்சி உண்பதில்லை, மதுவைத் தவிர்க்கிறார்கள். "ஐட்டல்" என்று அவர்கள் அழைக்கும் உணவு பெரும்பாலும் காய்கறி, தேங்காய்ப்பால், பருப்பு. ஹலால் கடை தேடி அலையும் முஸ்லிம் பயணிக்கு ஐட்டல் உணவகம் நல்ல துணை. ஆனால் அங்கேயும் தேநீரிலோ பானத்திலோ கஞ்சா சேர்த்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

குழாயோ சுருட்டோ உங்கள் பக்கம் நீட்டப்பட்டால் மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது. நெஞ்சில் கை வைத்து, "ரெஸ்பெக்ட், எனக்கு வேண்டாம், நான் முஸ்லிம்" என்றால் போதும். நோன்பு, தொழுகை, பன்றி விலக்கு எல்லாம் அவர்களுக்குப் புரிகிற மொழிதான். முகம் சுளிப்பதும் அந்த இடத்திலேயே உபதேசம் தொடங்குவதும் தேவையில்லை.

மார்க்கத்தின் நிலை

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாட்டின் சட்டம் கைது செய்யாமல் விடுவதால் ஒரு பொருள் ஹலால் ஆகிவிடாது. போதை தரும் ஒவ்வொன்றும் விலக்கப்பட்டது என்ற நபிமொழியின் கீழ்தான் கஞ்சாவையும் மார்க்க அறிஞர்கள் வைத்தார்கள். ஹிஜ்ரி 794இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ ஹஷீஷ் ஹராம் என்பதை நிறுவத் தனி நூலே எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே இமாம் இப்னு தைமிய்யா இதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். "குர்ஆனில் கஞ்சா என்ற பெயர் இல்லையே" என்று சில இளைஞர்கள் கேட்பது புதிய கேள்வி இல்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டு, பதில் சொல்லப்பட்ட கேள்வி.

மருந்து விஷயம் வேறு. ஜமைக்காவின் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் மேன்லி வெஸ்ட், ஆல்பர்ட் லாக்ஹார்ட் என்ற இரு அறிஞர்கள் 1980களில் கஞ்சாவிலிருந்து கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தைத் தயாரித்தார்கள். நம்பகமான மருத்துவர் வேறு வழியில்லை என்று பரிந்துரைக்கும் மருந்துக்கு ஃபிக்ஹில் தனிச் சட்டம் உண்டு. தங்கள் ஊர் ஆலிமிடம் நோயின் விவரத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் போன இடத்தில் "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று கையெழுத்துப் போட்டு வாங்குவது இதில் சேராது.

தெருவிலும் தட்டிலும் இருக்கும் ஆபத்து

நெக்ரில், மாண்டிகோ பே, ஓச்சோ ரியோஸ் கடற்கரைகளில் நடக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து காதோடு விலை சொல்வார். பெரும்பாலோர் பிழைப்புக்காகச் சுற்றுகிறவர்கள். "நோ தேங்க்ஸ்" என்று இரண்டு முறை சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நடந்தால் விலகிவிடுவார்கள். நின்று பேரம் பேசினால்தான் சிக்கல். வாங்குவதற்காக ஆளோடு சந்துக்குள்ளோ காருக்குள்ளோ போனவர்கள் பணத்தையும் கைப்பேசியையும் இழந்த கதைகள் எல்லாச் சுற்றுலா ஊர்களிலும் உண்டு. தெருவில் வாங்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு வீரியம் என்று விற்பவருக்கே தெரியாது.

புகையைவிட உணவு வடிவம் ஆபத்தானது. கேக், பிஸ்கட், மிட்டாய், தேநீர் என்று பல உருவங்களில் கிடைக்கிறது. புகைத்தால் சில நிமிடங்களில் தலைக்கேறும். சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. "ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொரு துண்டைச் சாப்பிடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து தாக்கும். நெஞ்சு படபடப்பு, கடும் அச்சம், வாந்தி, நிற்க முடியாமை, சிலருக்கு இல்லாதது தோன்றும் மனக்குழப்பம் என்று பல மணி நேரம் நீடிக்கும். மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். குழந்தைகள் மிட்டாய் என்று எண்ணித் தின்றுவிட்டால் மூச்சுத் திணறல் வரை போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மறைக்காமல் மருத்துவரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

நெக்ரிலில் காளான் தேநீர் என்று ஒன்றும் விற்கிறார்கள். சூப்பில் போடும் காளான் என்று நினைக்க வேண்டாம். பல மணி நேரம் புத்தியைக் கலக்கும் மாயக் காளான் அது; ஜமைக்காவில் அதற்குச் சட்டத் தடையும் கிடையாது. குடும்பமாகப் போகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய பொருள்.

நெக்ரிலின் மேற்குக் கரையில் கடலை ஒட்டிச் செங்குத்தான பாறைகள் இருக்கின்றன. அங்கிருந்து கடலில் குதிப்பது ஒரு பொழுதுபோக்கு. தெளிந்த புத்தியோடு இருப்பவருக்கே அது ஆபத்து. போதையில் நீந்துவதும், வளைவுகள் நிறைந்த மலைச் சாலையில் வண்டி ஓட்டுவதும் உயிரோடு விளையாடுவது. போதையில் வண்டி ஓட்டுவது அங்கே தனிக் குற்றமும் கூட. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும் வழிதான் மிகப் பெரிய சிக்கல்

ஜமைக்காவில் 3 டாலர் அபராதத்தோடு முடிகிற விஷயம், ஊர் திரும்பும் வழியில் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. லண்டன், டொராண்டோ, மியாமி, நியூயார்க் போன்ற ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் போய்வர வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் மத்திய அரசின் சட்டத்தில் அது இன்றும் தடைப் பொருள். விமான நிலையக் குடியேற்ற அதிகாரி பின்பற்றுவது மத்திய சட்டத்தைத்தான். போதைப்பொருள் பயன்படுத்தியதாக அந்த அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே வெளிநாட்டவருக்கு நுழைவு மறுக்கப்படலாம். மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளையின் படிப்பே நின்றுபோகலாம். கைப்பேசியில் இருக்கும் படங்களைப் பார்க்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து கஞ்சா சட்டபூர்வம். ஆனால் எல்லை தாண்டிக் கொண்டுவருவது அங்கேயும் குற்றம். பிரிட்டனில் வைத்திருந்தாலே 5 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பற்றிப் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்தச் சட்டம் வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்று அதன் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. இந்தியாவுக்குள் கொண்டுவந்து பிடிபட்டால், கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு என்ற கணக்கில் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 ஆண்டு. கஞ்சாவின் பிசினான சரஸ் என்றால் கணக்கு இன்னும் கடுமை: 100 கிராம் வரைதான் சிறிய அளவு, 1 கிலோவைத் தாண்டினாலே 10 ஆண்டு.

சிங்கப்பூரில் வாழும் நம் உறவுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எந்த நாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும், சிங்கப்பூரிலேயே உட்கொண்டதாகத்தான் அந்நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பரிசோதனைக்கு அழைக்கப்படலாம். உட்கொண்ட குற்றத்துக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் சுமார் 1 கிலோ கஞ்சா வழக்கில் ஒரு தமிழர் அங்கே தூக்கிலிடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலேசியாவில் 200 கிராமைத் தாண்டினாலே கடத்தல்காரர் என்று சட்டம் கருதும். வளைகுடா நாடுகளில் உட்கொள்வதே குற்றம். சவூதியில் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு.

கஞ்சாவின் போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். உடலில் அதன் தடயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒருமுறை எடுத்தவரின் சிறுநீரில் சில நாட்கள் தெரியும். தொடர்ந்து எடுப்பவருக்கு ஒரு மாதம் வரை கூடத் தெரியும். முடியில் மூன்று மாதம் வரை தெரியும். கப்பலில் வேலை பார்க்கும் சகோதரர்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. கப்பல் நிறுவனங்கள் முன்னறிவிப்பில்லாமல் சோதனை செய்கின்றன. "கரையில் இறங்கியபோது, அந்த நாட்டுச் சட்டப்படி" என்ற விளக்கத்தை எவரும் கேட்க மாட்டார்கள். அடுத்த துறைமுகத்தில் இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முகவருக்குக் கடன் வாங்கிக் கொடுத்துப் பெற்ற வேலை ஒரு மாலை நேரத்தில் போய்விடும். வளைகுடா வேலைக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் இதே கணக்கு.

நினைவுப் பொருள் என்ற பெயரில் வாங்கும் சோப்பு, எண்ணெய், தேயிலை, மிட்டாய் ஆகியவற்றில் கஞ்சா இலைப் படம் இருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். மணியடிக்கும் இடம் ஜமைக்கா விமான நிலையமாக இருக்காது; துபாயாகவோ சென்னையாகவோ இருக்கும். "என் அத்தை மகனுக்கு இந்த மசாலாப் பொட்டலத்தைக் கொடுத்துவிட முடியுமா?" என்று அறிமுகமில்லாதவர் கொடுக்கும் பொருளை வாங்கவே கூடாது. பையை நீங்களே அடுக்கி, நீங்களே பூட்டுங்கள்.

காவலர் நிறுத்தினால்

ஓடக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது, பையில் இருப்பதைத் தூக்கி எறியவும் கூடாது. அபராதம் என்றால் எழுத்துச் சீட்டு வேண்டும். பணம் வரி அலுவலகத்தில்தான் கட்டப்படும், நடுரோட்டில் காவலர் கையில் இல்லை. நாட்டை விட்டுக் கிளம்பும் முன் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். கைது வரை போனால், தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி எந்த வெளிநாட்டவருக்கும் உண்டு. அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தியத் தூதரகம் கிங்ஸ்டனில் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணைப் பயணத்துக்கு முன்பே காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்வது நல்லது. கைதாகும்போது முதலில் பறிபோவது கைப்பேசிதான். ஜமைக்காவில் காவல்துறைக்கு 119, ஆம்புலன்ஸுக்கு 110.